முப்பதாவது படிவம்

"புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீட்ல யார் யார் இருப்பீங்க?"

கதவைத் திறந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு கையில் பெரிய பச்சைப் பெட்டி, இன்னொரு கையில் கதவுப்பிடி. "யாரும்மா நீ? அதை எதுக்குக் கேக்கறே?"

நிஹான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தான் யாரென்று சொல்லாமல் நேரே கேள்வியில் குதிப்பது அவளுடைய தீராத வியாதி. "தப்பா நினைக்காதீங்கண்ணே! அந்த நேரத்துல டிவியில வர்ற 'கள்ளச்சாவி' தொடருக்கு நேயர் கருத்து எடுக்க வந்திருக்கேன்," என்று கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

நாலு மணிக்குள் முப்பது படிவம் கொடுத்தால்தான் அவளுக்கு வேலை நிலைக்கும். இருபத்தொன்பது முடிந்திருந்தது, மணி மூன்று. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலாளர் ஹூல்யா படிவத்தை முகத்துக்கு நேரே கிழித்துப் போடுவாள், மகராசி. உஸ்குதார் பேட்டையின் மேட்டுத் தெருக்களில் காலையிலிருந்து ஏறி இறங்கி நிஹானுக்கு முழங்கால் இரண்டும் கழன்று போயிருந்தன.

"ஊருக்குக் கிளம்பிட்டோம், நேரமில்ல," என்று அவர் கதவைச் சாத்தப் போனார்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி! அதுல வர்ற திருடன் தாரிக் கடைசியில பிடிபடணுமா, தப்பிக்கணுமா? அதை நேயர்கள்தான் முடிவு பண்ணப் போறாங்க."

"தாரிக்கைப் பிடிக்கிறதா? எவன் சொன்னான்?" உள்ளேயிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். "உள்ள வா தங்கச்சி!"

நிஹான் ஷூவைக் கழற்றக் குனிந்தாள். "அட, கழட்டாதே, அப்படியே வா," என்று அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்தாள். அவர்களும் ஷூக்காலோடுதான் கம்பளத்தில் நின்றார்கள். ஊருக்குப் போகிற அவசரம் அப்படி.

"மெலிஹா, டாக்ஸி வந்துரும்," என்றார் அவர்.

"வந்தா நிக்கட்டும் ஜெலால்! எழுதிக்கோ தங்கச்சி. தாரிக் தப்பிக்கணும். அவன் மேல ஒரு துரும்பு பட்டாலும் நான் டிவியைத் தூக்கி உடைச்சிடுவேன்!"

"அவனெல்லாம் ஒரு திருடனா?" ஜெலாலுக்கும் பொறுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டரை மணி நேரத் தொடர்ல ரெண்டு மணி நேரம் முறைச்சுப் பார்த்துக்கிட்டே நிக்கிறான். போன இடத்துல வேலையைப் பார்த்தமா கிளம்பினமான்னு இல்லாம, உட்கார்ந்து ஊர்க்கதை பேசுறான். பார்க்கிறவனுக்கு எரிச்சல் வராது?"

"உனக்குப் பொறாமை! அவன் அழகு உனக்கு வருமா?"

"அழகை வச்சுப் பூட்டையா திறக்க முடியும்?"

நிஹானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுதி எழுதிக் கை வலித்தது. மற்ற வீடுகளில் ஆமாம், இல்லை என்று சொல்லி விரட்டினார்கள். இங்கே ஓரத்திலெல்லாம் எழுத வேண்டியிருந்தது.

"கடைசிக் கட்டம்," என்றாள். "பேரு, போன் நம்பர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து."

ஜெலால் சட்டென்று எழுந்து பெட்டியைத் தூக்கினார்.

"அதெல்லாம் தர்றதில்ல," என்றார் ஜெலால். "ஊரெல்லாம் மோசடிக்காரங்க. நீயே ஏதாவது ஒரு பேரைப் போட்டுக்கோ."

நிஹான் படிவத்தை நீட்டிக் கெஞ்சினாள். "கட்டம் காலியா இருந்தா என் வேலை போயிடும்ணே. பொய்ப் பேரு எழுதினா உங்களுக்குத்தான் நஷ்டம். குலுக்கல்ல ஜெயிச்சவங்க அட்டையைக் காட்டினாத்தான் படப்பிடிப்புக்குள்ள விடுவாங்க. தாரிக்கோட உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்."

"தாரிக்கோடயா!" மெலிஹா பேனாவைப் பிடுங்கினாள்.

"மெலிஹா, வேணாம்!"

"நீ சும்மா இரு! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், என்னை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா? ஏன் தங்கச்சி, இவர் பேரையும் சேர்த்துப் போட்டா ரெண்டு சான்ஸா?"

"ஆமாக்கா!"

மெலிஹா இருவர் பெயரையும் எழுதினாள், இரண்டு அட்டையையும் பார்த்து எண்களை எழுதினாள். முறைத்த புருஷனிடம் பேனாவைத் திணித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

நிஹானுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் பச்சைப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து மூன்று மாடி இறக்கினாள். "என்னக்கா இந்தக் கனம் கனக்குது?" என்றதற்கு, "கல்யாண வீட்டுக்குப் போறோம்ல, சீர்," என்றாள் மெலிஹா.

டாக்ஸி நகர்ந்ததும், பயணம் போகிறவர்களை வழியனுப்பும் ஊர் வழக்கப்படி, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை வண்டிக்குப் பின்னால் தெருவில் ஊற்றினாள் நிஹான். "தண்ணி மாதிரி போயிட்டுத் தண்ணி மாதிரி திரும்பி வாங்க!" என்று கத்திக் கையாட்டினாள்.

மீன் பையோடு மேடேறி வந்த ஒரு பருமனான மனிதர் மூச்சு வாங்க நின்றார். "யாரைப் பொண்ணே இவ்வளவு சந்தோஷமா வழியனுப்புறே?"

"ஆறாம் நம்பர் வீட்டுக்காரங்களைண்ணே! தங்கமான ஜோடி!"

"ஆறாம் நம்பர்ல நான் மட்டும்தானே இருக்கேன்?" என்றார் அவர். பிறகு தெருமுனையில் திரும்பிய டாக்ஸியின் கண்ணாடி வழியே தெரிந்த பெட்டியைப் பார்த்தார். "ஐயோ, அது என் பெட்டியாச்சே!" மீன் பையைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

முப்பதாவது படிவம் போச்சே என்று நிஹான் பதறினாள். குனிந்து படிவத்தைப் பார்த்தாள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கலக்கமெல்லாம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதீங்கண்ணே, பேரு, போன் நம்பர், கையெழுத்து எல்லாம் கொடுத்துட்டுத்தான் போயிருக்காங்க!"