கரண்ட் மாப்பிள்ளை

“எந்த வயரை வெட்டினா ஆளு சாகமாட்டான்?”

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரர் கேட்ட கேள்வி இது. பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியன் வாயிலிருந்த சூடான டீயை ஆற்றாமலே விழுங்கிவிட்டார்.

“யாருண்ணே அந்த ஆளு?”

“வேற யாரு? எங்க வீட்டு மாப்பிள்ளைதான்!”

தையல்காரரின் தங்கை புருஷன் நாட்டுப்புறப் பாடகர். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் மரக் கிட்டாரோடு அவர் பாட ஆரம்பித்தால் கடைசி வரிசைக்காரன்கூட இருமலை அடக்கிக்கொள்வான். அந்தப் பாட்டில் மயங்கித்தான் தையல்காரர் தங்கையையே கட்டிக்கொடுத்தார். மேடைச் சட்டை அத்தனையும் இவர் தைத்ததுதான், கூலி கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் திடீரென்று ஒருநாள் மரக் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டு, சிவப்பாக மினுங்கும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆள் உயர ஸ்பீக்கருமாக மேடை ஏறினார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ‘கரண்ட் மாப்பிள்ளை’ என்று பெயரும் விழுந்தது. யார் வைத்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது, தெருவே வைத்தது.

கரண்ட் ஏறினால் தலைக்கனமும் ஏறும் போலிருக்கிறது. முன்பெல்லாம் எதிரே வருகிறவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர், இப்போது பேண்ட் பாக்கெட்டில் விட்ட இடது கையை வெளியே எடுப்பதே இல்லை. கதாநாயகன் என்று நினைப்பு!

போன நிகழ்ச்சியில் மேடைமேல் தண்ணீர் பாட்டில் பறந்தது. “இன்னொரு தடவை கலாட்டா ஆச்சுன்னா, இதோட உங்களுக்கு இங்க மேடை கிடையாது” என்று அரங்க மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இன்று மாலை அந்த இன்னொரு தடவை.

“அவரு பொழப்பே போகப்போகுது தம்பி. நான்தான் காப்பாத்தணும்” என்றார் தையல்காரர். “ஒரு மரக் கிட்டார் இரவல் வாங்கி வச்சிருக்கேன். ஸ்பீக்கர் பொட்டி ஊமையானதும் எல்லார் முன்னாடியும் அவரு கையில குடுத்துடுவேன். வாசிச்சுத்தானே ஆகணும்?”

“அப்ப கிட்டார்லருந்து வர்ற வயரை வெட்டுங்க. ஷாக் அடிக்காது, சத்தம் மட்டும் செத்துடும்” என்றார் எலெக்ட்ரீஷியன். அவருக்கும் பழைய பாட்டுதான் பிடிக்கும்.

அரங்கத்தின் பின்வாசலில் தங்கை வழிமறித்தாள். கிட்டார் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தேடி வந்திருக்கிறானே என்று சந்தோஷப்படவேண்டியவள், பயந்துபோய் நின்றாள்.

“அண்ணா, இன்னிக்கு மட்டும் வீட்டுக்குப் போயிடேன்.”

“ஏன், நான் பார்த்தா உன் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குமோ?”

அவள் முகம் வெளுத்தது.

“கையிலருந்து வர்ற சத்தம் வேற, பொட்டியிலருந்து வர்ற சத்தம் வேறம்மா! அவருக்கு என்ன குறைச்சல்னு இப்படி வயரைப் பிடிச்சுத் தொங்குறாரு?”

தங்கை தாழ்ப்பாள் உடைந்த ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்பு முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டவள்தான். வயர் வந்த நாளிலிருந்து கூட்டத்தில் தலைகாட்டுவதில்லை. புருஷன் அடிக்கிற கூத்தைப் பார்க்க வெட்கம் என்று நாலு பேர் சொன்னார்கள். நாலு பேர் சொன்னால் இருக்காதா பின்னே?

திரை விலகியது. சிவப்புக் கிட்டாரைப் பார்த்ததுமே, “கரண்டைப் புடுங்கு!” என்று பின்வரிசை கத்தியது. மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு மேடையின் ஒரு ஓரத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளை நெற்றி வேர்க்கப் பாட்டை எடுத்தார். ஸ்பீக்கரிலிருந்து கிட்டார் இழைந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. அதனாலோ என்னவோ கூச்சல் மெல்ல அடங்க ஆரம்பித்தது.

தையல்காரருக்கு அது பொறுக்கவில்லை. மேடையின் மறு ஓரத்தில், இருட்டில் மண்டியிட்டார். கிட்டாரிலிருந்து வந்த வயரை விரலால் தடவிப் பிடித்து, கத்தரிக்கோலின் வாயில் கொடுத்து, ஒரே அழுத்து.

வயர் இரண்டானது.

இசை நிற்கவில்லை.

தையல்காரர் ஒரு துண்டைப் பார்த்தார், மறு துண்டைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியனை மனசுக்குள் திட்டிக்கொண்டே நிமிர்ந்தால், மாப்பிள்ளையின் கண் அந்த வயர்மேல் நிலைகுத்தி நின்றது. பாட்டு ஒரு நொடி தடுக்கியது. கிட்டார் தடுக்கவில்லை.

முன்வரிசையில் ஒருவர் கழுத்தை நீட்டினார். மேனேஜர் ஓர் அடி முன்னால் வந்தார்.

வெட்டுப்பட்ட வயரின் மறுமுனை ஸ்பீக்கருக்குப் போகாமல், தரையோடு ஊர்ந்து ஒப்பனை அறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. தையல்காரர் அதைப் பிடித்தபடியே போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் கிசுகிசுத்தது:

“கதவைச் சாத்துண்ணா, அவருக்கு விரல் மடங்க மாட்டேங்குது... வாசிக்கிறது நான்தான்!”