மற்றொரு பொட்டலம்

கணவர் எவ்வளவு கேட்டும், ஒரத்தநாட்டுச் சீதன வயலை விற்கவே கூடாது என்று பர்வதம் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் விற்கலாம். சிவப்பு வந்தால் கூடாது.

“ரெண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒண்ணு வரலேன்னா மத்தது வந்தே தீரும்,” என்றார் அவள் கணவர் கல்யாணம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொட்டலங்களைக் கட்டியவரும் அவர்தான்.

பர்வதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

“அம்பாள் உத்தரவு. வித்துடுங்கோ,” என்றாள். கல்யாணத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மத்ததையும் பிரிச்சுப் பாத்துடலாமே சார்,” என்று, அவரிடம் கணக்குப் படித்த குருக்கள் கை நீட்டினார். கல்யாணத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

பர்வதம் முந்திக்கொண்டு அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னாள்: “இதுவும் வெள்ளைன்னு அவருக்கு எதுக்குத் தெரியணும்? இன்னமும் உங்களை சார்னுதானே கூப்பிடறார்.”