காலண்டர் மாட்டிய இடம்

குடும்ப ஆதரவு மையத்திலிருந்து வருவதாக எஸ்தர் நேற்றே போன் செய்திருந்ததால் வீடு பளிச்சென்று இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. எந்த மகராசன் போட்டதோ. சொல்லிக்கொண்டு போனால் புலிகூடப் பூனையாகத்தான் படுத்திருக்கும்.

"எங்க பூவிழிக்கு வயசுதான் ஏறுச்சு, மனசு இன்னும் குழந்தைதான் மேடம். வீடு முழுக்க அவ இஷ்டத்துக்குச் சுத்துவா," என்றாள் பூவிழியின் அண்ணி கோமளா. மடிப்புக் கலையாத சுடிதாரில் பூவிழி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. கேட்டதற்கெல்லாம், "நல்லா இருக்கேன்" என்றாள்.

அவளுடைய அறைக் கதவு சந்தன நிறம். அதன் வெளிப்பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், நாலு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. எஸ்தர் ஒன்றை விரலால் அழுத்தினாள். ஈரமாக ஒட்டியது, புதினா வாசனை அடித்தது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ஆணி ஓட்டைகளை டூத்பேஸ்ட் வைத்து அடைத்து ஓனரை ஏமாற்றியவள்தான் அவளும்.

"இங்க என்னம்மா இருந்துச்சு?"

"காலண்டர் மாட்டியிருந்தோம் மேடம்," என்ற கோமளா, "பூவிழி, நீ போய்ப் படு," என்று அவசரப்படுத்தினாள்.

பூவிழி உள்ளே போய்க் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். காலடிச் சத்தம் கதவை விட்டு நகரவில்லை. சற்றுப் பொறுத்து உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணி, இன்னும் தாப்பா போடலையே?"