விட்ட வரி

ஸ்கிரீனில் மறுபடி சிவப்பு வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் கோகுல் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் ஜெஸ்னா, "ஒன்னூடெ நோக்காம் கோகுலேட்டா" என்றாள். இன்னொரு தடவை பார்ப்போம் அண்ணா என்கிறாள். கொஞ்ச நாளாக வீட்டில் இதே பாட்டுதான்.

டீயைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை போடவில்லை, வேண்டுமென்றேதான். அதுகூடத் தெரியாமல் குடித்தார்.

ஜெஸ்னாவோடு பேசுவதற்காக இஸ்திரி போட்ட சட்டை போடுகிற மனுஷன். இடுப்புக்குக் கீழே பழைய லுங்கி. செக்போஸ்ட் லாரிகள் ஹாரன் அடித்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார், ஜெஸ்னாவுக்குத் தொந்தரவாம். அவள் மலையாளத்தில் கேட்பாள், இவர் தமிழில் சொல்வார், நடுநடுவே இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குக் காதில் புகை வரும்.

இவர் கம்பெனி சாஃப்ட்வேர் செய்து கொடுப்பது வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஏல மையத்துக்கு. வியாபாரிகள் பட்டனை அழுத்தி விலை கேட்கக் கேட்க, ஒவ்வொன்றும் ஒரு வரியாகப் பதிவாகி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொரு சர்வர் உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு வரிகூடத் தொலையக் கூடாது.

அதைத்தான் இவர்கள் சர்வரை நிறுத்தி நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை பச்சை வரும். அடுத்த தடவை சிவப்பு. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அந்தப் புரோகிராம் கோடு எழுதியது நான்.

கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு இந்தக் கோவிந்தாபுரம் வீட்டில் கிடந்த காலத்தில், காலால் தூளியை ஆட்டிக்கொண்டே இவருடைய லேப்டாப்பில் எழுதியது. பாப்பா கொஞ்சம் வளரட்டும், எங்கள் கம்பெனியிலேயே உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றார். பாப்பா வளர்ந்தாள். அங்கன்வாடிக்குப் போகிறாள். அந்த இடத்துக்குக் கொச்சியிலிருந்து ஜெஸ்னா வந்தாள்.

கேட்டதற்கு, "மேல இருக்கறவங்க முடிவு ஜீவி, நா என்ன பண்றது சொல்லு" என்றார்.

ஜெஸ்னாவை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் சோதனை நிற்காமல் பச்சை காட்டினால் அவளுக்கு வேலை உறுதி. காட்டாவிட்டால் அந்த நாற்காலி காலி. அப்புறம் என்னைக் கூப்பிடுவதைத் தவிர இவர்களுக்கு வேறு வழியில்லை.

மனசார வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் தோற்க வேண்டும் என்றுதான்.

"விட்ட வரிகள் பின்னெயும் விடண்டல்லோ ஏட்டா. அதோண்டு ஞான் அது களைஞ்ஞு" என்றாள் ஜெஸ்னா.

நான் கதவருகே நின்றுவிட்டேன்.

சர்வர் படுக்கும் நேரத்தில் அனுப்ப முடியாமல் விட்டுப்போகும் வரிகளை ஒதுக்கி வைக்கிற இடத்துக்கு நான் 'விட்ட' என்று பெயர் வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில், நம் ஊர்ப் பேச்சில். பாப்பா அழுதுகொண்டிருந்தபோது அவசரத்துக்கு வைத்த பெயர்.

மலையாளத்தில் விட்டது என்றால் அனுப்பியது. அனுப்பியதை மறுபடி எதற்கு அனுப்புவது என்று ஜெஸ்னா அதையெல்லாம் துடைத்துப் போட்டிருக்கிறாள். எந்த வரியும் விட்டுப்போகாத தடவை பச்சை. விட்டுப்போன தடவை சிவப்பு.

அவ்வளவுதான் சங்கதி.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாற்காலி என்னுடையது. நல்ல பிள்ளையாகச் சமையல்கட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நாங்க என்னைக்கோ கையத் தூக்கியிருப்போம் ஜெஸ்னா" என்றார் கோகுல் பின்னாலிருந்து.

அந்தக் கோடு எழுதி முடித்த அன்று எனக்குக் கிடைத்தது ஒரு "ம்". அவ்வளவுதான். வயிறு அப்படி எரிந்தது. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று அந்த நிமிஷமே காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நாற்காலியாவது ஒன்றாவது.

"ஏனுங்க, விட்டதுன்னா அனுப்புனது இல்லீங்க. விட்டுப்போனது. அதத் தொடச்சுப் போட்டீங்கன்னா வரி எங்கிருந்துங்க வரும்?"

ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பச்சை. மறுபடி ஓட்டினாள், பச்சை. அதற்கடுத்தும் பச்சை.

அவளுக்கு வேலையை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. இனி இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஜெஸ்னா சிரிக்கவில்லை.

"கோகுலேட்டா, இது ஏட்டன் தனியே எழுதிய கோடல்லே? எல்லாரோடும் அங்ஙனெயல்லே பறஞ்ஞது? பின்னெ ஆ வாக்கு ஏட்டனு அறியில்லே?"

தனியே. அந்தச் சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்தான். தானே தனியாக எழுதியதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், பிறகு அந்த வார்த்தை மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கிறாள்.

கோகுலின் கை மெள்ள நகர்ந்து மியூட்டை அழுத்தியது. என் முகத்தைப் பார்க்காமல், "நீ உள்ள போ ஜீவி. நா பேசிக்கறேன்" என்றார்.

எழுதியதை விடுங்கள். இந்த மனுஷன் அதில் ஒரு வரியைக்கூடப் படித்திருக்கவில்லை. இத்தனை நாள் நான் வயிறெரிந்ததெல்லாம் தப்பான ஆளைப் பார்த்து.

"ஹலோ, கேக்குன்னுண்டோ?" என்றாள் ஜெஸ்னா.

அவர் கையைத் தள்ளிவிட்டு நான் மியூட்டை எடுத்தேன்.

"கேக்குதுங்க ஜெஸ்னா. நல்லாவே கேக்குது."