தராசில் பலாப்பழங்கள்

பலாத்தோப்பு போடக் கடன் கேட்டு வங்கிக்கு வந்திருந்தாள் குயிலி. மதிப்பீட்டாளர் இருதயராஜ் வழக்கம்போல் அவள் கேட்ட தொகைக்கான எடைக்கல்லைத் தராசின் ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில், இனி காய்க்கப்போகும் பழங்களை வருடத்துக்கு ஒன்றாக, இன்றைய மதிப்புக்குச் சுருக்கி வைத்தார்; வருடம் தள்ளிப்போகப் போகப் பழம் சிறுக்கும். பழத்தட்டு தாழ்ந்தால்தான் கடன். முதல் ஆறு வருடங்களுக்குப் பழமே இல்லை. ஏழாம் வருடத்துப் பழம் தேங்காய் அளவு இருந்தது. பதினைந்தாம் வருடத்தது எலுமிச்சை அளவு, இருபதாம் வருடத்தது நெல்லிக்காய் அளவு. கல் அசையவில்லை.

“பேசாம பப்பாளி வைங்கம்மா. ரெண்டே வருசத்துல போட்ட பணம் கைக்கு வந்துடும்.”

“பப்பாளி மரத்துல ஊஞ்சல் கட்ட முடியுமா சார்? அதென்ன இருபதோட நிறுத்திட்டீங்க? மரம் ரிட்டையர் ஆயிடுமா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலும் வைத்தார். முப்பதாம் வருடத்துப் பழம் மிளகாகவும் நாற்பதாம் வருடத்தது கடுகாகவும் இருந்தன. கல் மெல்ல எழும்பியது. ஆனாலும் முள் நடுவுக்கு வரவில்லை. அறுபதாம் வருடத்துப் பழம் கண்ணுக்கே தெரியவில்லை. குனிந்து, மேசையெங்கும் மோந்து பார்த்து, பலா மணந்த இடத்தில் விரல்நுனியை ஒற்றியெடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தட்டில் வைத்தார். முள் நடுங்கியது. எதிரே குயிலி, இல்லாத கயிறு ஒன்றை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.