பத்துச் சொட்டு

அந்த வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்தான்: வீட்டுப் பெரியவர் பக்தவச்சல முதலியார், அவருடைய விதவை மருமகள் கௌரியம்மாள், அவள் மகள் சந்திரா, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நூர் முஹம்மது.

சந்திரா பாயில் கிடந்தாள். விடிந்ததிலிருந்து மூன்று முறை வாந்தி. உதட்டோரத்தில் தோல் சுருள் சுருளாக உரிந்திருந்தது.

"மண்டை பொளக்குதும்மா."

கௌரியம்மாள் மகளின் தலையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பெண்ணுக்கு மாலைக்கண். விளக்கு வைத்துவிட்டால் வாசற்படி தெரியாது. உலக யுத்தம் வந்ததிலிருந்து சீமை மருந்து கிடைப்பதில்லை என்று டாக்டர் சுறா மீன் எண்ணெய் கொடுத்தார். நாளைக்குப் பத்துச் சொட்டு, ஒரு மாதத்துக்கு.

அவர் அதைக் கொடுத்தது இந்தத் திங்கட்கிழமை.

இன்று பொழுது சாய்ந்ததும் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

கம்பவுண்டர் எண்ணெய்ப் பாட்டிலைக் கேட்டார். மீன் வாடை நுழையாத வீடு அது. முதலியார் இடுப்பிலிருந்த சாவியால் தகரப் பெட்டியைத் திறந்து, பாட்டிலை எடுத்து நீட்டினார்.

நூர் முஹம்மது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். வாயோரத்தில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் அப்படியே நின்றது.

கௌரியம்மாள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முதுகை வளைக்காமல், சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்து கொடுப்பது தாயின் வேலை. கம்பவுண்டர் அவள் பக்கம்தான் திரும்பினார்.

"ஏம்மா, மாசம் பூரா குடுக்கிறத நாலு நாள்ல ஊத்திட்டா சீக்கிரம் கண்ணு தெரிஞ்சிடும்னு நெனச்சிகினியா? உள்ள போனத வெளிய எடுக்க எங்கிட்ட மருந்து இல்லையேம்மா."

மாமனார் தொண்டையைச் செருமுவார் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அளவு தெரியாம குடுத்துட்டேங்க," என்றாள்.

கம்பவுண்டர் காலிப் பாட்டிலை அவள் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

மாலையில் வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். சந்திரா எழுந்து உட்கார மூன்று வாரமாயிற்று. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

எழுத்து வாசனை இல்லாத தாய் மகளுக்கு மருந்தை அள்ளி ஊற்றிவிட்டாள் என்று திருத்தணி முழுக்கப் பேசினார்கள். இன்றும் சிலர் பேசுகிறார்கள்.

அது உண்மையல்ல. மீன் எண்ணெயை அந்த வீட்டுப் பெண்கள் கையால் தொடக்கூடாது என்பது முதலியாரின் உத்தரவு. கௌரியம்மாள் அந்தப் பாட்டிலைத் தொட்டது அன்று ஒருநாள்தான், அதுவும் காலியான பிறகு.