நேற்று சுட்ட ரொட்டி

"இது ரொட்டியா, செங்கல்லா?"

ஹோட்டல்காரி டீசா, கடித்த துண்டை அப்படியே கூடையில் திருப்பிப் போட்டாள்.

கடலோரப் பாறை உச்சியில் அன்று காலை ஊரே கூடியிருந்தது. ஆளாளுக்குக் கையில் அட்டைப்பெட்டி, உள்ளே பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகள். ஆகஸ்ட் கடைசியில் மலைப் பொந்தை விட்டு முதன்முதலாகப் பறக்கும் குஞ்சுகள், ஊர் விளக்கை நிலா என்று நம்பித் தெருவில் வந்து விழும். பூனைக்கும் கார் சக்கரத்துக்கும் தப்பியவற்றைப் பொறுக்கி வந்து, விடிந்ததும் கடல் பக்கமாக வீசிப் பறக்கவிடுவது ஐஸ்லாந்தில் எங்கள் ஹெய்மே தீவின் வழக்கம்.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் குஞ்சு பொறுக்கினவங்களுக்கு நேத்து ரொட்டி! வருஷா வருஷம் இந்த சீசன்ல மட்டும் உனக்கு என்னடி வந்துடுது, ரன்வெய்க்?"

பேக்கரிக்காரி ரன்வெய்க் கூடையைத் துணியால் மூடினாள்.

"ராத்திரி அடுப்பு மூட்டறதும் இல்ல. குஞ்சு தேட வர்றதும் இல்ல. நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கறே!"

நாலு பேர் சிரித்தார்கள்.

"நாளையிலேருந்து என் ஹோட்டலுக்கு உன் ரொட்டி வேண்டாம். துறைமுகத்துக் கடையில சொல்லிக்கறேன்."

ரன்வெய்க்கின் முகம் வெளுத்தது. அவள் சுடுவதில் பாதி அந்த ஹோட்டலுக்குத்தான் போகிறது. அப்போதும் கூடைத் துணியைத்தான் இழுத்துச் சரிசெய்தாள், அழுத்தக்காரி.

குஞ்சுகளை எடை போட்டுக் கணக்கெடுக்கும் கிஸ்லி தராசோடு வந்தான். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து இந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவன்.

"டீசா, இத்தனை பெட்டியா! எங்கே பிடிச்சீங்க?"

"எங்கேயும் அலையல. எல்லாம் எங்க ஹோட்டல் போர்டு விளக்குக்குக் கீழேயேதான். பொத்து பொத்துன்னு விழுதுங்க!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரன்வெய்க், உங்க தெருவுல?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

"மலையடிவாரத்துல இருக்கறது உங்க தெருதானே? உங்க பேக்கரிக்கு வேற கண்ணாடிக் கூரை. முதல்ல அங்கதானே வந்து விழணும்?"

"விளக்கு எரிஞ்சா விழும்," என்றாள் ரன்வெய்க் மெதுவாக. "அதான் இந்த சீசன்ல பொழுதிருக்கும்போதே சுட்டு வெச்சிடறேன். காலையில ரொட்டி காஞ்சுதான் போகுது. ஆனா குஞ்சுங்க நேரா கடலுக்குப் போயிடுதுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

டீசா தன் பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தாள். அதன் ஒரு இறக்கை மடங்கித் தொங்கியது. அதை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள்; மறுபடியும் தொங்கியது. பிறகு அதைக் கிஸ்லியிடம் கொடுத்துவிட்டு, கூடையைத் திறந்து, தான் கடித்துப் போட்ட துண்டை எடுத்து மென்றாள்.

"நாளைக்கும் இதே ரொட்டியை அனுப்பு, ரன்வெய்க். இன்னிக்கு ராத்திரி நானும் போர்டை அணைச்சுட்டு, நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப் போறேன்."